காப்பித் தோட்ட வேலையும் பிள்ளைப்பேறும்

பெண்கள் வேலைக்குப் போனால் பிள்ளை குறையும் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஏற்காட்டில் அந்தக் கணக்கு இடிக்கிறது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் பெண்கள் பாட்டி காலத்திலிருந்தே கூலிக்குப் பழம் பறிக்கிறார்கள். கைக்குழந்தை மரக்கிளையில் கட்டிய சேலைத் தூளியில் தூங்கும். அழுதால் ஓடிப்போய் ஆட்டிவிட்டு வரலாம். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை பிள்ளைப்பேற்றை அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஷிஃப்ட் முறையில் ஓடும் மில்லும் ஆபீஸும்தான் அந்த வழியை அடைக்கின்றன.

வேலையைவிடப் படிப்பின் செல்வாக்கு பெரிது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. படிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் கூடுகிறது.

தமிழ்நாட்டில் எழுத்தறியாத தாய்மாரும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்களே, அது எப்படி? மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1980-இல் எழுதிய விளக்கம் இங்கே பொருந்துகிறது: ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போகத் தொடங்கினால், கூடமாட வேலை செய்து வீட்டுக்கு வரவு தந்த பிள்ளை செலவாகிறது. மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த மாநிலத்தின் சராசரி 2019–21 கணக்கெடுப்பில் 1.8.

இந்தச் சரிவின் பாரத்தைப் பெண்ணுடல்தான் சுமந்தது. அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. இதைப் பெண் விடுதலை என்று முழுமனதோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குப் படிப்பே இன்னும் எட்டாத தூரம். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 73 சதவீதம் பேர் எழுத்தறிந்தவர்கள். பழங்குடிப் பெண்களில் 47 சதவீதம்தான். 1989-இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் படித்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் தந்தது. 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாகி, கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்தப் பணம் கைக்கு வர, மலைக்கிராமத்துப் பெண் முதலில் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும். அதற்கு வேண்டியவை உண்டு உறைவிடப் பள்ளியில் ஓர் இடமும், நேரத்துக்கு வரும் பஸ்ஸும்.