கோடையில் நாட்டு வெள்ளரி: சாகுபடியும் விதைக் காப்பும்

கோடைக்குரிய காய்களில் வெள்ளரிக்கு ஒப்பானது அரிது. இந்தியாவே அதன் தாயகம் என்பதும், அதன் காட்டினம் இமயமலை அடிவாரத்தில் சிறிய கசப்புக் காயாக இன்றும் காணப்படுகிறது என்பதும் தாவர சாஸ்திரிகள் ஒப்புக்கொண்ட விஷயங்கள். திருவண்ணாமலை மாவட்டத்து வெம்பாக்கம் வட்டாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. அக்காலத்திலும் தக்க ஜலம் கிடைத்த நாட்டு வெள்ளரிக்கொடி பிஞ்சு விடுகிறது. குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல கொடியில் நல்ல காயைத் தெரிந்து விதைக்கு விட்டு வந்ததன் பயன் இது.

இப்பொழுது கடைகளில் வீரிய ஒட்டு விதைகள் கிடைக்கின்றன. அவற்றின் மகசூல் அதிகமே. ஆயினும், அக்காயிலிருந்து எடுத்த விதை தாய்க்கொடியின் குணத்தோடு ஒரே சீராய் வருவதில்லை. ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்கவேண்டும். நாட்டு விதையோ, எவரும் விதைத்துப் புதுப்பியாவிடில், சில ஆண்டுகளில் முளைக்கும் சக்தியை இழந்து ஊரைவிட்டே நீங்கிவிடும். புழக்கடையில் ஐந்தாறு குழிகள் வைக்க இடமுள்ள ஒவ்வொருவரும் இவ்விழப்பைத் தடுக்கக்கூடும்.

விதைப்பு

தை, மாசி மாதங்கள் ஏற்றவை. முதலில் 20 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்கவும். ஐந்தாறு நாட்களில் 12 விதைகளாவது முளைத்தால் அவ்விதை விதைப்புக்குத் தகும். சான்று விதைக்கும் 60 சதவிகித முளைப்பே குறைந்த அளவாக விதிக்கப்பட்டுள்ளது.

நான்கு அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி அகல ஆழமுள்ள குழிகளை வெட்டி, மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பவும். குழிக்கு நான்கைந்து விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களையவும். படர்வதற்கு முள்ளோ பந்தலோ இட்டால் காய்கள் அழுகாமல் நேராய் வளரும்.

நெசவாளர் இல்லங்களில் ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டு வேகவைத்த சோடா நீரையும் சாயநீரையும் பாத்தியில் விடலாகாது. உப்பு மிகுந்தால் கொடி கருகும்.

ஜலமும் பூவும்

மண் வறண்டால் கொடி வருந்தும்; அவ்வருத்தம் காயில் கசப்பாய்த் தோன்றும். ஆகையால் இடைவிடாது மிதமான ஈரம் இருக்கவேண்டும். வேரடியில் வைக்கோலைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

முதலில் ஆண்பூக்களே வரும். வெப்பமும் நீண்ட பகலும் அவற்றின் தொகையைப் பெருக்கும். இதனைக் கண்டு கொடியைப் பிடுங்கிவிடலாகாது. அடியில் சிறு பிஞ்சு தாங்கிய பெண்பூக்கள் பின்னர் வரும். தேனீக்கள் மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் காலைவேளையில் எவ்வித மருந்தும் தெளிக்கக் கூடாது. கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இக்கொடியைக் கருக்கும், அவற்றை விலக்குக.

இளஞ்செடியின் விதையிலைகளைச் சிவப்பு வண்டு தின்னும். காலையில் அது சோம்பியிருக்கையில் கையால் பொறுக்கி அழிக்கலாம். பழ ஈ துளைத்த காய்களைக் குப்பையில் எறியாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்கவும். வறண்ட வெயிலில் இவ்வீயின் தொல்லை குறைவு என்பதும் கோடைச் சாகுபடிக்கு ஓர் அநுகூலம்.

விதைக்கு விடுதல்

முதல் பிஞ்சைப் பறிக்குமுன் விதைக்கொடிகளைத் தெரிந்துகொள்ளவேண்டும். வெயிலில் வாடாததும், கசப்பில்லாததும், நோயற்றதுமான ஐந்தாறு கொடிகள் போதும். கொடியில் ஒரு காய் முற்றத் தொடங்கினால் புதுப் பிஞ்சுகள் குறையுமாதலால், உண்பதற்கும் விதைக்கும் வெவ்வேறு கொடிகளை வைத்துக்கொள்வது நலம்.

பழுத்து வெடிக்கும் வெள்ளரிப்பழம் முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. அது வெள்ளரியோடு கலவாதாகையால் அருகில் இருப்பினும் பயமில்லை. வேறு வெள்ளரி ரகமோ கலந்துவிடும். சான்று விதைப் பண்ணைக்கு 500 மீட்டர் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. அவ்விடைவெளி புழக்கடையில் கிடையாதாகையால் கைமகரந்தமே வழி. மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலால் கட்டுக. காலையில் அதே ரகத்தின் மற்றொரு கொடியிலிருந்து ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண்பூவின் நடுவில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்டுக. காம்பில் தறியின் வண்ண நூல் ஒன்றை அடையாளமாய் முடிக.

காய் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முற்றியபின் பறித்து, பத்து நாள் நிழலில் வைத்து, விதையைச் சதையோடு ஒரு பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிடுக. கழுவும்பொழுது அடியில் தங்குவதே நல்ல விதை, மிதப்பதை நீக்குக. நிழலில் நன்கு உலர்த்தி, சாம்பலோடு சேர்த்துக் காற்றுப் புகாத புட்டியில், ஆண்டும் ரகமும் எழுதி வைக்கவும்.

கிராம அலுவலர்களுக்கு

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிக முத்திரையின்றி விற்கவும் இடம் தருகிறது. இதனைக் கிராமக் கூட்டங்களில் எடுத்துரைத்து, எவர் வீட்டில் எந்த நாட்டு ரகம் உள்ளது என்று ஒரு குறிப்பேடு வைத்தால் பெரிதும் உதவும். ஒரே வீட்டிலுள்ள விதை ஒரு பூச்சியாலோ ஒரு மழையாலோ அழியக்கூடும். நான்கு வீடுகளில் இருந்தால், ஒருவர் இழந்ததை அடுத்த தை மாதத்தில் மற்றொருவரிடம் பெற்று விதைக்கலாம்.