அளவுநாடா யாருக்காக?

பாம்பன் பாலத்தைக் கடந்து, தங்கச்சிமடத்தை எட்டுமுன் வருவது அக்காள்மடம். வலையிழுத்துத் தோள் தேய்ந்த தோழரும், மீன்கூடை சுமந்து முழங்கால் ஓய்ந்த தாய்மாரும் வாழும் கடலோரம். அத்தகைய தாயொருத்தி ஒரு அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலே நான்கு படி. பிடித்தேறக் கம்பி இல்லை. உள்ளே முகத்தை மறைக்கும் உயரத்திலே கவுண்டர். உட்கார ஒரு பலகை இல்லை. அந்த அம்மையார் செய்த குற்றம் என்ன? வரைந்தவர் படித்தவர்தான், பட்டம் பெற்றவர்தான். ஆனால் யாரை மனத்திலே வைத்து வரைந்தார்? நோயறியாத, மூப்பறியாத, காகிதத்திலே மட்டும் வாழும் கட்டிளங்காளை ஒருவனை!

எனவேதான் கேட்கிறோம்: கட்டட உள்ளமைப்புக் கலை பயிலும் மாணவருக்கு, வண்ணம் தேர்ந்தெடுக்கக் கற்றுத்தருமுன், மனிதரை அளக்கக் கற்றுத்தர வேண்டாமா?

அளப்பதென்றால் சராசரி பார்ப்பதன்று, தோழர்களே! வாசல் நெட்டையருக்கு இடிக்கக்கூடாது. அலமாரி குட்டையருக்கு எட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவளவு வைத்தால், ஒருவர் தலை வீங்கும்; மற்றவர் கை ஏங்கும்! உடலுக்கேற்ப இடத்தையும் கருவியையும் அமைக்கும் பணிச்சூழலியலின் பாலபாடம் இது. அளக்கும் உடலும் நம் மக்களின் உடலாக இருக்கவேண்டும். மேனாட்டார் சட்டையை நமக்கு மாட்டலாகாது. இந்தியர் உடலளவுகளைத் தொகுத்த தேப்குமார் சக்ரவர்த்தியின் நூல், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்திலிருந்து 1997-லேயே வந்துவிட்டது.

அடுத்த பாடம், அனைவருக்குமான வடிவமைப்பு. ஓரடி உயரம் ஏறச் சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டடிச் சரிவு வேண்டும். அதே சரிவு பிள்ளைத்தாய்ச்சிக்கும் உதவும். ஐஸ்பெட்டி தள்ளும் தொழிலாளிக்கும் உதவும். ஒருவருக்கென்று செய்தது ஊருக்கே ஆயிற்று! சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்போரும் அலையருகே சென்றார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. கடலோரத்திலே கட்டுகிறவன் மனிதரோடு காற்றையும் அலையையும் அளக்கவேண்டும் என்பது அது தந்த பாடம்.

நாம் சலுகை கேட்கவில்லை; சட்டத்தைக் காட்டுகிறோம். பொறியாளர், கட்டடக் கலைஞர் படிப்புகளிலே மாற்றுத்திறனாளிகள் குறித்த பாடம் இடம்பெறவேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றால் போதாது, கட்டாய விதிகளும் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 8-ல்.

ஆசிரியப் பெருமக்களே! மாணவரை அக்காள்மடத்துக்கு அழைத்து வாருங்கள். வலையிழுத்த கை எவ்வளவு தூரம் எட்டும், கூடை சுமந்த கால் எவ்வளவு உயரம் ஏறும் என்று அளக்கச் சொல்லுங்கள். உழைத்தவர் உடலிலிருந்து எடுத்த அந்த எண்களே நாளைய கட்டடத்தின் அடிக்கல்!