சோற்றுக்கு வந்த வாள்

‘சாமுராய் படமா? ஒரே வெட்டுக்குத்தா இருக்குமே!’ என்பார்கள் நம் சங்க அன்பர்கள். அகிரா குரோசவா 1954-இல் எடுத்த ‘ஏழு சாமுராய்’ 207 நிமிடம் ஓடும், பொறுமையாகப் பாருங்களேன்.

16-ஆம் நூற்றாண்டு ஜப்பான். எசமானை இழந்து அலையும் வீரர்கள் ஒரு கிராமத்தைக் கொள்ளையரிடமிருந்து காக்க வருகிறார்கள். கூலி? வெறும் அரிசிச் சோறு. அதைப் போடும் குடியானவர்கள் தின்பதோ சிறுதானியம்! சங்கதி தெரிந்ததும் வீரர்களுக்குச் சோறு இறங்குமா? ஊர்ப் பிள்ளைகளுக்கும் பங்கு போகிறது.

ஏழு பேரில் நால்வர் மடிகிறார்கள். ஒருவர்கூட வாளால் சாகவில்லை. நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்கே பலி. வாள்வீச்சில் நிகரற்ற கியூசோவுக்கும் அதே கதிதான். கொள்ளையரிடம் இருந்தவை மூன்றே துப்பாக்கிகள். வாளின் காலம் முடிந்தது என்று எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் வயலில் நடவுப் பாட்டு. மேட்டில் நான்கு புதைகுழிகள், அவற்றின்மேல் செருகிய வாள்கள். பிழைத்த மூவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.