எதிர்க்குறி அதிர்வெண் வெறும் கணக்கா?

பெங்களூர் வானொலி நிலையத்திற்கு நெடுங்காலமாக உரியது 612 கிலோஹெர்ட்சு மத்திய அலை. அதைப் பெறும் சாதாரண வானொலிப் பெட்டியினுள் ஒரு சிறு அலையாக்கி 1,067 கிலோஹெர்ட்சில் அதிர்கின்றது. கலப்பி என்னும் உறுப்பு இவ்விரு அலைகளையும் ஒன்றோடொன்று பெருக்க, அவற்றின் கூட்டுத்தொகையும் வேறுபாடும் புதிய அதிர்வெண்களாகத் தோன்றுகின்றன. வேறுபாடாகிய 455ஐ மட்டும் வடித்தெடுத்து வலுவூட்டுவது, ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த முறை.

ஆனால் 1,522இலிருந்து 1,067ஐக் கழித்தாலும் 455தான். இந்திய மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்சு இடைவெளியில் அமைபவை. எனவே 1,521இல் வலிமையான நிலையம் ஒன்று இருப்பின், அது 454ஆக இறங்கி, 455உடன் மோதி, 1,000 ஹெர்ட்சுச் சீழ்க்கையாகப் பெங்களூர்ப் பாட்டின் நடுவே கேட்கும். வானொலிப் பொறியாளர் இதனைப் பிம்ப அலை என்பர்.

612 கழித்தல் 1,067 என்பது உண்மையில் −455. வகுப்பறையில் அக்குறியை நீக்கிவிடுவது வழக்கம். அங்கேதான் ஒரு செய்தி தொலைகின்றது.

தொலைவில், இரவில், செக்கு மாட்டின் கொம்பில் விளக்கொன்று கட்டியிருப்பதாகக் கொள்க. தெற்கே நிற்பவருக்கு விளக்கு இடமும் வலமும் ஆடுவது மட்டுமே தெரியும். மாடு எப்பக்கம் சுற்றுகிறதென்று தெரியாது. கிழக்கேயும் ஒருவர் நிற்கட்டும். முதலாமவருக்கு விளக்கு நடுவைக் கடந்து வலப்புறம் செல்லும் நொடியில், இரண்டாமவருக்கு அது இடக்கோடியில் இருந்தால் இடஞ்சுழி. வலக்கோடியில் இருந்தால் வலஞ்சுழி. அதிர்வெண்ணின் குறி இந்தச் சுழற்சித் திசையே.

இது பொழுதுபோக்குக் கணக்கன்று. பெங்களூரை அடுத்த பையலாலுவில் 2008இல் சந்திரயான்-1க்காக 32 மீட்டர் அலைவாங்கி நிறுவப்பட்டது. இத்தகைய நிலையம் ஒன்று 2,300 மெகாஹெர்ட்சு அலையைப் பெறுவதாகக் கொள்வோம். விண்கலம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் விலகினால் அதிர்வெண் ஏறத்தாழ 7,700 ஹெர்ட்சு குறையும். நெருங்கினால் அவ்வளவே கூடும். அலையாக்கியையும் அதே 2,300இல் வைத்து, ஒரே கலப்பியால் இறக்கினால், இரு நிலையிலும் 7,700 என்றே விடை வரும். கலம் வருகிறதா, போகிறதா என்பது புலப்படாது!

அலையாக்கியைச் சற்றுத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வைத்து, வேறுபாடு என்றும் நேர்க்குறியாகவே இருக்குமாறு செய்வது ஒரு வழி. கால் சுற்று முன்பின்னாக இயங்கும் இரு கலப்பிகளை வைப்பது மற்றொன்று. செக்கைப் பார்த்த இருவரின் வேலையை அவை செய்கின்றன. இன்றைய எண்முறை வாங்கிகள் பலவற்றில் அவ்விரு கலப்பிகளும் கம்பிச் சுருளோ வால்வோ அல்ல. கணிப்பொறி நொடிதோறும் செய்யும் பெருக்கல்களே.