வேதாளம் ஏன் முருங்கை மரத்துல தொங்குது?

ஃபேன்டசி நாவல்னு பேச்சு வந்தாலே ஹாரி பாட்டர், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்னு ஒரு ரவுண்டு போயிட்டு, கடைசியில யாராவது ஒருத்தர் "நம்மகிட்ட இப்படி எதுவுமே இல்லையேப்பா"ன்னு சொல்லிடுவாங்க. கே.ஜி.கண்டிகையில உட்கார்ந்து அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். இங்கேருந்து கூப்பிடு தூரத்துல திருத்தணி மலை. வேடனா வந்து, வேங்கை மரமா நின்னு, கிழவனா மாறி வள்ளியை ஏமாத்துன முருகனோட ஊர்.

ஆனா இன்னைக்குப் பேசப்போறது சாமிக் கதை இல்லை, அம்புலிமாமா. 1947-ல நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில ஆரம்பிச்ச பத்திரிகை. தெலுங்குல சந்தமாமா, தமிழ்ல அம்புலிமாமா. எங்க பக்கம் பாதி வீட்ல ரெண்டு மொழியும் புழங்கும். 1960 ஏப்ரல் வரைக்கும் திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர்தானே!

அதுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது விக்கிரமாதித்தன், வேதாளம். மூலக்கதை பழசு. சோமதேவரோட கதாசரித்சாகரத்துல வேதாளம் சொல்றது 24 கதை. அம்புலிமாமா அந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, மாசா மாசம் புதுக் கதையை உள்ளே வெச்சுப் பல வருஷம் ஓட்டிச்சு.

ஏன் சலிக்கலை? அந்த உலகத்தோட விதியைப் பாருங்க. கதை முடிஞ்சதும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் ராஜா சொல்லலைன்னா தலை வெடிச்சிடும். சொன்னா மௌனம் கலைஞ்சிடும், வேதாளம் பறந்து போயிடும். அதாவது, ராஜா ஒவ்வொரு தடவையும் தோக்கிறதே அவர் புத்திசாலிங்கறதாலதான்! ஒரு முட்டாள் ராஜா முதல் கேள்வியிலயே ஜெயிச்சிருப்பார். டோல்கீனோட மோதிரமும் இதே ரகம்தான். சக்தி கொடுக்கும், போட்டவனையே தின்னும். மந்திரம் இலவசமா கிடைக்கிற உலகத்துல ரெண்டாவது அத்தியாயத்துலயே நமக்குக் கொட்டாவி வந்துடும். விலை வெச்சா மட்டும்தான் பக்கத்தைத் திருப்புவோம்.

அப்புறம் அந்த மரம். சமஸ்கிருத மூலத்துல அது வேற ஏதோ சிம்சபா மரம். தமிழுக்கு வந்ததும் முருங்கை ஆயிடுச்சு. சாம்பாருக்குக் காய் பறிக்கிற கொல்லைப்புற மரத்துல ஒரு பிணம் தொங்குதுன்னா, சாயங்காலம் அந்தப் பக்கம் போற குழந்தைக்கு எப்படி இருக்கும்? அந்நியமான ஒண்ணை நமக்குத் தெரிஞ்ச இடத்துல கொண்டாந்து வைக்கிறது பெரிய வித்தை. மூலத்தைவிட முருங்கைதான் பொருத்தம்னு நான் சொல்லுவேன்.

வேதாளத்தோட குணமும் அப்படித்தான். பயமுறுத்தும், கிண்டல் பண்ணும், கடைசியில ராஜாவைப் பலி கொடுக்கக் காத்திருக்கிற சந்நியாசிகிட்டேருந்து காப்பாத்துறதும் அதேதான். நல்லதா கெட்டதான்னு முதல்லயே தெரிஞ்சிட்டா அந்தப் பாத்திரத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. முதுகுல பிணம், கையில வாள்னு நடக்கிற ராஜாவை வரைஞ்சவர் சங்கர். 2020-ல காலமானார், அடுத்த வருஷம் பத்மஸ்ரீ வந்தது.

எனக்கு நெருடுறது இன்னொருத்தர் கதை. அம்புலிமாமாவுல ராட்சசன், மாந்திரீகன், விநோத மிருகம்னு தொடர்கதைகள் வரும். ராகசி லோயா, அதாவது அரக்கர் பள்ளத்தாக்கு, பாதாள துர்கம், யட்ச பர்வதம், மாயா சரோவரம். புராணத்துலேருந்து கடன் வாங்காம, முழுக்க இட்டுக்கட்டின நிலங்கள். எழுதினவர் தாசரி சுப்ரமணியம், 1950-கள்லேருந்து அந்த ஆபீஸ்ல வேலை பார்த்தவர். தெலுங்குல எழுத, தமிழ் உட்படப் பல மொழிக்கும் போச்சு. ஆனா பத்திரிகையில அவர் பேர் அச்சாகலை. லட்சக்கணக்கான குழந்தைங்க சுத்தித் திரிஞ்ச உலகத்தை உண்டாக்கினது யார்னு அந்தக் குழந்தைங்களுக்கே தெரியாது. 2010-ல காலமானார்.

அதனாலதான் "நம்மகிட்ட இல்லை"ங்கற பேச்சு எனக்குக் கோபமா வருது. டோல்கீன் பேர் அட்டையிலயே இருக்கு, தேடினா கிடைக்கும். பேர் போடாத ஆளை எப்படித் தேடுவீங்க?

பத்திரிகையும் 2010-கள்ல நின்னுபோச்சு. தாசரியோட தொடர்கள் பின்னாடி தெலுங்குல புத்தகமா வந்தது. தமிழ்ல படிக்கணும்னா, அந்தக் காலத்துல தொடரை மட்டும் கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணி வெச்ச வீடுகள் உண்டு. உங்க பாட்டி வீட்டுப் பரணை ஒரு தடவை பாருங்க. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி.