ஐந்தாவது முறை

கடந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழக விடுதிகளுக்கு இடையே நடந்த ஃபுட்சால் போட்டியில் என் விடுதி அணி கிண்ணத்தை வென்றது. நான் அந்த அணியில் ஆடவில்லை. ஆனால், அந்த அணியை இறுதியாட்டத்துக்கு அனுப்பியது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அரையிறுதி அன்று மேசையில் கணக்கு எழுதவேண்டிய தொண்டூழியர் வரவில்லை. பக்கத்தில் நின்ற என்னை உட்காரச் சொன்னார்கள். ஆடப்போவது என் விடுதி என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

ஃபுட்சால் ஆடுபவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்கும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணி செய்யும் தப்பாட்டங்கள் எண்ணப்படும். ஐந்து வரை, அந்த அணி தடுப்புச் சுவர் அமைத்து எதிரணியின் உதையைத் தடுக்கலாம். ஆறாவதிலிருந்து சுவர் கிடையாது. கோல் கோட்டிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் பந்தை வைத்து, கோல்காவலர் ஒருவரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கலாம். அந்த எண்ணிக்கைதான் என் வேலை.

ஆட்டம் 1-1 என்று இருந்தது. முடிய இரண்டு நிமிடம். எதிரணி ஒரு தப்பாட்டம் செய்தது. தாளைப் பார்த்தேன். ஆறு. நடுவரிடம் சைகை காட்டினேன். எதிரணித் தலைவர் மேசைக்கு ஓடிவந்து ஐந்து விரல்களை விரித்துக் காட்டினார். நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் திரும்பிப் போனார். எங்கள் ஆட்டக்காரர் உதைத்தார். 2-1.

அன்றிரவு நண்பன் எடுத்த காணொளியைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் அணி செய்த ஒரு தப்பாட்டத்தை எதிரணியின் கட்டத்தில் குறித்திருந்தேன். அவர் காட்டிய ஐந்துதான் சரி.

அணித்தலைவர் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். அவர் அறைக்கே போனேன். “அண்ணா, அது ஆறாவது இல்ல, அஞ்சாவது.”

அவர் காணொளியை இரண்டு முறை பார்த்தார். “தெரிஞ்சு செஞ்சியா?”

“இல்லண்ணா.”

“அப்புறம் என்ன? நடுவர் விசில் ஊதிட்டாரு, முடிஞ்சுது. நாளன்னைக்கு ஃபைனல். பசங்ககிட்ட எதுவும் சொல்லாதே.”

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஒருவர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மாறாத பலகை

இந்தப் பருவத்தில் விளையாட்டும் சமூகமும் பற்றிய பாடம் ஒன்றை விருப்பப்பாடமாக எடுத்தேன். கட்டுரைக்குத் தலைப்புத் தேடியபோதுதான், அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் இதே போன்ற எண்ணிக்கைப் பிழை இரண்டு முறை நடந்திருப்பது தெரியவந்தது.

அங்கே ‘ஃபுட்பால்’ என்றால் நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் ஆட்டம். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எத்தனையாவது டவுன் என்பதைக் களத்தின் ஓரத்தில் ஒருவர் எண் பலகையால் காட்டிக்கொண்டே இருப்பார்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி. மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் மிசூரி பல்கலைக்கழகமும் கொலராடோ பல்கலைக்கழகமும் மோதின. கொலராடோ 27-31 என்று பின்தங்கியிருந்தது. ஏறத்தாழ அரை நிமிடம் இருந்தபோது, கோல் கோட்டுக்கு 3 யார்டு தூரத்தில் அதற்கு நான்கு முயற்சிகள் கிடைத்தன.

முதல் முயற்சியில், கடிகாரத்தை நிறுத்துவதற்காகப் பந்தை வேண்டுமென்றே தரையில் அடித்தார்கள். விதி அதை அனுமதிக்கிறது, ஆனால் அதுவும் ஒரு டவுனாகக் கணக்காகும். இரண்டாவதில் ஓடிப் பார்த்தார்கள். தடுக்கப்பட்டார்கள். உடனே இடைநிறுத்தம் கேட்டார்கள். அந்தச் சந்தடியில் பலகையில் ‘2’ என்ற எண் ‘3’ ஆக மாறவில்லை.

மூன்றாவது முயற்சி ‘இரண்டாவது’ என்ற பெயரில் நடந்தது. மறுபடியும் தடுக்கப்பட்டது. நான்காவது ‘மூன்றாவது’ ஆனது. அதில் மீண்டும் கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடித்தார்கள். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவது முயற்சியில் குவாட்டர்பேக் சார்ல்ஸ் ஜான்சன் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். நடுவர்கள் டச்டவுன் என்று அறிவித்தார்கள். கொலராடோ 33, மிசூரி 31.

மிசூரி முறையிட்டது. இரு பல்கலைக்கழகங்களும் அங்கம் வகித்த ‘பிக் எயிட்’ கூட்டமைப்பு நடுவர் குழுவை இடைநீக்கம் செய்தது. ஆனால், முடிவு மாறாது என்றது. வெற்றியை விட்டுக்கொடுப்பீர்களா என்று கொலராடோ பயிற்றுவிப்பாளர் பில் மெக்கார்ட்னியைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். வழுக்கும் திடலில் தம் ஆட்டக்காரர்கள் விழுந்துகொண்டே இருந்ததாகக் குறைகூறினார். இத்தனைக்கும் அவர் மாணவராக இருந்தபோது ஆடியது மிசூரி பல்கலைக்கழகத்துக்காக.

அந்தப் பருவத்தின் முடிவில், செய்தியாளர்கள் வாக்களிக்கும் பட்டியலில் கொலராடோ நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பயிற்றுவிப்பாளர்களின் பட்டியலில் ஜார்ஜியா டெக் முதலிடம் பெற்றது. கொலராடோவின் வெற்றியாளர் பட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் ஐந்தாவது டவுனைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து, மெக்கார்ட்னியே அந்த ஆட்டத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

கோர்னெல் அனுப்பிய தந்தி

இதற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன், 1940 நவம்பர் 16ஆம் தேதி, நியூ ஹேம்ப்ஷியர் மாநிலத்தின் ஹானோவரில் கோர்னெல் பல்கலைக்கழகமும் டார்ட்மத் கல்லூரியும் ஆடின. கோர்னெல் அப்போது நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றதில்லை. டார்ட்மத் 3-0 என முன்னிலை வகித்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, கோர்னெல் 6 யார்டு தூரத்துக்கு வந்துவிட்டது.

மூன்று முயற்சிகள் கோட்டருகே நின்றன. நான்காவதில் எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் விழுந்தது. பந்து டார்ட்மத்துக்குப் போயிருக்க வேண்டும். நடுவர் ரெட் ஃப்ரீசல் கணக்கைத் தவறவிட்டு, கோர்னெலுக்கு இன்னொரு முயற்சி கொடுத்தார். அதில் டச்டவுன் விழுந்தது. கோர்னெல் 7-3 என வென்றது.

பிறகு ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுப் பார்த்து ஒவ்வொரு முயற்சியாக எண்ணினார்கள். ஐந்து வந்தது. ஃப்ரீசல் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால், முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. கூட்டமைப்புக்கும் இல்லை. இனி எதுவும் செய்ய முடிந்தது கோர்னெலால் மட்டும்தான். அது டார்ட்மத்துக்குத் தந்தி அனுப்பி, வெற்றியை விட்டுக்கொடுத்தது. டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. பதிவேட்டில் அந்த ஆட்டம் இன்றும் டார்ட்மத் 3, கோர்னெல் 0 என்றுதான் இருக்கிறது. தோல்வியே காணாத கோர்னெலின் தொடர் தந்தியோடு முடிந்தது. அடுத்த வாரம் பென்சில்வேனியாவிடம் உண்மையாகவே தோற்றது.

இரண்டு ஆட்டங்களும் அச்சு அசலாக ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கோர்னெல் நான்கு முறை முயன்று தோற்றது. கொலராடோவோ பலகையை நம்பி நான்காவது வாய்ப்பைத் தரையில் அடித்து வீணாக்கியது. பலகை சரியாக இருந்திருந்தால் வேறு விதமாக ஆடியிருப்போம் என்று அது வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் படித்தபோது நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆட்டக்காரரும் என் தாளை நம்பித்தானே உதைத்தார்!

யாருக்குத் தண்டனை?

கொலராடோ வழி அமெரிக்காவில் அதன்பின் பலமுறை நடந்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததாக நடுவர் அறிவித்துவிட்டால், அந்த முடிவே இறுதி. கல்லூரி விளையாட்டுகளின் தேசியச் சங்கமான என்சிஏஏயின் விதிநூல் அப்படித்தான் சொல்கிறது.

பிழைகளைக் குறைப்பதற்காக 2004இல் ‘பிக் டென்’ கூட்டமைப்பு காணொளி மறுஆய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்து மற்றவர்களும் பின்பற்றினார்கள். 2006 செப்டம்பரில், ஆரிகனுக்கு எதிரான ஆட்டத்தில் ஓக்லஹோமா 33-27 என முன்னிலை வகித்தது. ஆரிகன் வேண்டுமென்றே குறைந்த தூரத்துக்குப் பந்தை உதைத்தது. உதைத்த அணி பந்தைத் தொட வேண்டுமானால், அது முதலில் 10 யார்டு போயிருக்க வேண்டும். ஆரிகன் வீரர் அதற்கு முன்பே தொட்டுவிட்டார். கடைசியில் பந்தோடு எழுந்து நின்றவரும் ஓக்லஹோமா வீரர். ஆனாலும், காணொளியைப் பார்த்த பிறகும் பந்து ஆரிகனுக்கே கொடுக்கப்பட்டது. ஆரிகன் 34-33 என வென்றது. நடுவர்களுக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. மறுஆய்வு நடுவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

2015இல் மயாமி, டியூக்கை 30-27 என வென்றது. கடைசி விநாடிகளில் மயாமி வீரர்கள் பந்தை எட்டு முறை கைமாற்றி ஓடினார்கள். நடுவில் ஒருவரின் முழங்கால் தரையில் பட்டிருந்தது. நீண்ட மறுஆய்வும் அதைக் கவனிக்கவில்லை. 2016இல் ஆட்டநேரம் முடிந்த பிறகும், கொடுக்கக் கூடாத ஒரு கூடுதல் முயற்சியைக் கொடுத்ததால் மத்திய மிச்சிகன் அணி ஓக்லஹோமா ஸ்டேட்டை 30-27 என வென்றது. இரண்டிலும் நடுவர்களுக்கு இரண்டு ஆட்டத் தடை. இரண்டிலும் முடிவு மாறவில்லை.

எல்லாவற்றிலும் ஒரே நடைமுறைதான். தவறு நடந்தது என்று கூட்டமைப்பு ஒப்புக்கொள்கிறது. நடுவர் தண்டிக்கப்படுகிறார். ரசிகர்களின் கோபம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. வென்றவர்கள் வெற்றியோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை, அதனால் அவர்களை யாரும் கேட்கவும் முடியாது. கோர்னெலையும் யாரும் கேட்டிருக்க முடியாது. அதனால்தான் அதன் தந்தி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகிறது.

இது திடலோடு முடியும் விஷயமில்லை. ஆசிரியர் கூட்டலில் தவறு செய்து உங்களுக்கு மூன்று மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? குறைவாகப் போட்டிருந்தால் அடுத்த நிமிடமே தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடுவோம். கூடுதலாக இருந்தால், “தவறு அவருடையது, நான் ஏமாற்றவில்லையே” என்று தாளை மடித்துப் பையில் வைப்போம். உயர்நிலைப் பள்ளியில் நான் வைத்திருக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து

கட்டுரையை எழுதி முடித்தபோது, அதில் நான் கொலராடோவைத் தாளித்திருந்ததைப் பார்த்தேன். என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள், ஐந்து விரல்களைக் காட்டிய அந்த அணித்தலைவரைத் தேடிப் போனேன். உணவகத்தில் உட்கார்ந்திருந்தார். காணொளியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

தப்பாக எண்ணுவது யாருக்கும் நடக்கும் என்றார். அன்றைக்கே அவர்கள் அணியிலும் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கொடுத்தார்களாம். முடிவு இறுதியானது என்று ஏற்பாட்டுக் குழு சொல்லிவிட்டதாம். “உங்கள் பக்கத்திலிருந்து யாராவது வந்து சொல்வீர்கள் என்று இறுதியாட்டம் தொடங்கும்வரை காத்திருந்தோம்,” என்றார். பிறகு, அது அவருடைய கடைசி ஆண்டு என்றும் சொன்னார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இறுதியாட்டத்துக்கு முன்பே நான் பேசியிருந்தால் எங்கள் அணி விட்டுக்கொடுத்திருக்குமா? தெரியாது. அவர்களுக்கு அந்த வாய்ப்பைக்கூட நான் கொடுக்கவில்லை. அணித்தலைவர் அண்ணாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மற்ற ஆட்டக்காரர்களிடம் உண்மையைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு இரண்டு நாள் இருந்தது.

நடந்ததை எழுதி விடுதிக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். கிண்ணத்தை என்ன செய்வது என்று அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. அது இப்போதும் கீழ்த்தளக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன்.

இவ்வாண்டுப் போட்டிக்கும் மேசை வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏற்பாட்டுக் குழுவிடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். என் விடுதி ஆடும் ஆட்டத்தில் என்னை உட்காரவைக்க வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பேர் தனித்தனித் தாளில் எண்ண வேண்டும். இரண்டுக்கும் சரி என்றார்கள்.

யாராவது மேசைக்கு ஓடிவந்து விரல்களைக் காட்டினால், இந்த முறை தாளை நீட்டுவதற்கு முன் இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பேன்.