புல் வெட்டும் இயந்திரம் வாங்குமுன்

காணியை விட்டு வந்த கமக்காரருக்கு இன்று கிடைக்கின்ற கூலி வேலைகளில் புல் வெட்டுவதும் ஒன்றாகிவிட்டது. பாடசாலை மைதானம், வைத்தியசாலை வளவு, சேமக்காலை, விருந்தினர் விடுதி, வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளின் முற்றம் எனப் பல இடங்களில் புற்றரை உண்டு. கத்தியோடு போகிறவருக்கு நாட்கூலி. இயந்திரத்தோடு போகிறவர் ஒப்பந்தம் பேசலாம். ஆகவே மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பணத்தையோ கடனையோ போட்டு ஓர் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கின்றனர். வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில் பிழை விட்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிறுவனம் எமது பகுதி இளைஞர் குழுவொன்றுக்குப் புல்வெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. நல்ல சிவப்பு நிறம். ஆறாவது கிழமை அது ஒரு கல்லில் அடித்து அச்சு வளைந்தது. அதற்குரிய அச்சைத் தேடி யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் அலைந்தோம், கிடைக்கவில்லை. அதன் மூடி இப்போது ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரையாக உள்ளது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கோழிக்கூடுதான்.

புல்வெட்டிகள் பல வகை. 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் முதலாவது புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்தே அவர் அதைச் செய்தார். அது உருளையில் அலகுகள் பொருத்திய வகை. கிரிக்கெட் மைதானத்துக்கு இன்றும் அதுவே சிறந்தது. கல்லும் குச்சியும் கிடக்கும் எமது வளவுகளுக்கு அது பொருந்தாது. தோளில் மாட்டி வெட்டும் புல்வெட்டியை எல்லோருக்கும் தெரியும். வேலியோரம், வாய்க்கால் கரை, உயர்ந்த பற்றை என்பவற்றுக்கு அது தேவை. ஆனால் ஒரு மைதானம் முழுவதையும் அதனால் ஒரே மட்டமாக வெட்ட முடியாது. நாம் இங்கே பார்க்கப்போவது, கைபிடியைப் பிடித்துப் பின்னால் நடந்து செல்லும் வகையை. இதில் மூடியின் கீழே ஓர் அலகு மின்விசிறி போலச் சுழன்று புல்லை வெட்டுகிறது.

இவ்வகையிலும் ஒரு விசேட பிரிவு உண்டு. அதை 'மல்ச்சிங்' புல்வெட்டி என்பர். சாதாரண புல்வெட்டி வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் எறியும், அல்லது பின்னாலுள்ள பையில் சேர்க்கும். மல்ச்சிங் புல்வெட்டியில் வெளியே போகும் வழி அடைக்கப்பட்டிருக்கும். மூடி கவிழ்த்த சட்டி போல ஆழமாகவும் வளைவாகவும் இருக்கும். அலகும் நேரானதல்ல, வளைந்து, வெட்டும் விளிம்பு நீளமாக இருக்கும். வெட்டுண்ட புல் காற்றால் மேலே தூக்கப்பட்டு, மூடிக்குள் சுற்றி, மீண்டும் மீண்டும் அலகில் பட்டுச் சிறு சிறு துண்டுகளாகிப் புல்லின் அடியில் விழுகிறது. வாருவதும் அள்ளுவதும் இல்லை.

குழை தாழ்த்துப் பழகிய எமது கமக்காரருக்கு இதன் பயனை விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் பூவரசங் குழையும் கிளிசரிடியாக் குழையும் செய்கின்ற வேலையையே இந்தப் புல் துண்டுகளும் செய்கின்றன. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே விரைவில் உக்கிவிடும். காய்ந்த எடையில் நூற்றுக்கு நான்கு பங்களவில் நைதரசன் உண்டு. வெட்டிய புல்லைத் தொடர்ந்து நிலத்திலேயே விட்டால், புற்றரைக்கு ஒரு வருடத்துக்குத் தேவைப்படும் நைதரசனில் ஏறக்குறைய காற்பங்கு இதிலிருந்தே கிடைக்கும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு யூரியாவுக்கு நாம் பட்ட பாட்டை நினைப்பவர்களுக்கு இந்தக் காற்பங்கின் பெறுமதி புரியும். வெட்டிய புல்லை விட்டால் நிலத்தின் மேல் நார்ப்படை கட்டிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் படை உருவாவது பெரும்பாலும் வேர், தண்டு ஆகியவற்றின் நாரிலிருந்தே. மெல்லிய இலைத் துண்டுகளிலிருந்து அல்ல.

"மாட்டுக்குப் புல் இல்லாத காலத்தில் இதை ஏன் நிலத்தில் விட வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாட்டுக்குப் புல் வேண்டுமானால் பையில் சேர்க்கும் முறையைப் பயன்படுத்தி, அன்றே பரப்பிக் கொடுக்கலாம். குவித்து வைத்தால் சில மணித்தியாலங்களில் சூடேறிப் புளித்துவிடும். களைநாசினி தெளித்த இடமென்றாலோ, பொலித்தீன் கிடந்து புல்லோடு அரைபட்டிருந்தாலோ கொடுக்கவே கூடாது. உண்மையைச் சொன்னால், மாட்டுக்குப் புல் அறுக்க அரிவாளே நல்லது.

இனி மிக முக்கியமான விடயம். மல்ச்சிங் முறை சரியாக வேலை செய்ய ஒரு விதி உண்டு: புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது. இரண்டு அங்குல உயரத்தில் புற்றரையை வைத்திருக்க வேண்டுமானால், மூன்று அங்குலமாக வளர்ந்தவுடன் வெட்ட வேண்டும். ஆறு அங்குலம் வளரவிட்டு வெட்டினால் மூடிக்குள் புல் அடைத்துக்கொள்ளும், இயந்திரம் திணறும், வெட்டிய இடமெல்லாம் பச்சைக் கட்டிகளாகக் கிடக்கும். இரண்டு நாளில் அக்கட்டிகளின் கீழுள்ள புல் மஞ்சளாகிவிடும். வேலை கொடுத்தவர் அடுத்த தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்.

எமது பிரதேசத்தில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி மழை. அப்போது அறுகு கிழமைக்குக் கிழமை எழும்பும். எந்நேரமும் ஈரமாகவும் இருக்கும். கோடையிலோ அது காய்ந்து கிடக்கும். ஆகவே "மாதம் இரண்டு தடவை" என்று வருடம் முழுவதற்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் பேசுவது பிழை. மாரியில் கிழமைக்கு ஒரு தடவை, கோடையில் மாதத்துக்கு ஒரு தடவை என்று பேசுங்கள். வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. அதற்குச் சம்மதிக்காத இடங்களும் இருக்கும். எனவே மல்ச்சிங் மட்டும் செய்யும் இயந்திரத்தை வாங்காமல், அடைப்பைக் கழற்றிப் பக்கவாட்டில் எறியவும் பையில் சேர்க்கவும் கூடிய மூன்று வழி இயந்திரத்தை வாங்குவதே எமக்குப் புத்திசாலித்தனம். புல் உயர்ந்திருந்தால் முதலில் உயரமாக வைத்துப் பக்கவாட்டில் எறிந்து வெட்டி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தாழ்த்தி மல்ச்சிங் செய்யலாம்.

பார்த்தீனியம் உள்ள வளவுகளில் இன்னொரு கவனம் வேண்டும். பூத்த செடியை இந்த இயந்திரத்தால் அரைத்தால் ஆயிரக்கணக்கான விதைகளை நீங்களே வளவு முழுவதும் விதைத்தவராவீர்கள். பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிய பின்னரே இயந்திரத்தை இறக்குங்கள்.

எவ்வளவு அகலமான இயந்திரம் வேண்டும்? 21 அங்குல அலகுள்ளதே சாதாரணமாகக் கிடைப்பது. ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் மேல் சற்று ஏற வேண்டுமாகையால் பயனுள்ள அகலம் 18 அங்குலம் என்று கொள்ளலாம். திரும்புவது, கல் பொறுக்குவது, இளைப்பாறுவது எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு நான்கு பரப்பு வெட்டலாம். ஓர் ஏக்கருக்கு, அதாவது 16 பரப்புக்கு, நான்கு மணித்தியாலம். முழு அளவான உதைபந்தாட்ட மைதானம் ஏறக்குறைய 28 பரப்பு. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். மேல்நாடுகளில் இதையே தொழிலாகச் செய்வோர் 36 அல்லது 48 அங்குல இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை படலைக்குள்ளால் போகா. கொண்டு செல்ல லாண்ட்மாஸ்டரோ சிறு லொறியோ வேண்டும். விலையும் பல மடங்கு. 21 அங்குல இயந்திரத்தை முச்சக்கரவண்டியில் ஏற்றலாம். தொடக்கத்துக்கு அது போதும்.

அடுத்தது எஞ்சின். நான்கு அடிப்பு எஞ்சினாக, 160 முதல் 190 சீ.சீ. வரை இருக்கட்டும். மல்ச்சிங் செய்யும்போது ஒரே புல்லைப் பல தடவை வெட்டுவதால் சக்தி கூடுதலாகத் தேவை. வீட்டுப் பாவனைக்குச் செய்த மலிவான எஞ்சினும் தொழிலுக்கென்று செய்ததும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். உள்ளே சிலிண்டரில் வார்ப்பிரும்பு உறை உண்டா என்று கேளுங்கள். ஹொண்டாவின் ஜீ.எக்ஸ்.வி. 160 போன்றவை இவ்விதமானவை. இறைப்புப் பம்பின் எஞ்சின் வீட்டில் இருக்கிறது, பழுதானால் அதை மாற்றிப் பூட்டலாம் என்று எண்ண வேண்டாம். பம்பு எஞ்சினின் அச்சு கிடையாக இருக்கும்; புல்வெட்டியின் அச்சு நிலைக்குத்தானது. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

1990களில் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பம்பும் ஓட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனத்தைப் புதுப் புல்வெட்டியில் காட்ட வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், சிலிண்டர் தேயும். ஒயில் மட்டத்தை ஒவ்வொரு நாளும் பாருங்கள். 50 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். எமது புழுதியில் காற்று வடியைத் தினமும் தட்டித் துப்புரவாக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் புல்வெட்டிகளும் வந்துள்ளன. சத்தமில்லை, புகையில்லை, விடுதிக்காரர் விரும்புவர். நாள் முழுவதும் வெட்டுவதற்கு மேலதிக மின்கலங்கள் வேண்டும். அவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மூடி இரும்புத் தகடா, அலுமினியமா? கடற்கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றும் புல்லின் சாறும் சேர்ந்து இரும்பை விரைவில் தின்றுவிடும். அலுமினியம் கறள் பிடிக்காது. ஆனால் பெரிய கல் அடித்தால் வெடிக்கும், அதை ஒட்டுவதும் கடினம். எதுவானாலும் வேலை முடிந்தவுடன் அடியிலுள்ள புல்லைச் சுரண்டுங்கள். அப்போது பிளக் வயரைக் கழற்றிவிட்டு, காற்று வடி மேலே வரும்படி சரியுங்கள். மாறிச் சரித்தால் ஒயில் காற்று வடிக்குள் இறங்கும்.

சில்லுகளில் பிளாஸ்டிக் புஷ் அல்லாது போல் பெயரிங் இருக்க வேண்டும். தானாக நகரும் இயந்திரமானால் பின் சில்லு இழுப்பதே மேடு பள்ளத்துக்கு ஏற்றது.

அலகு எட்டுப் பத்து மணித்தியாலம் ஓடினால் மொட்டையாகும். மொட்டை அலகு புல்லை வெட்டாது, கிழிக்கும். மறுநாள் புல் நுனி எல்லாம் கபிலமாகத் தெரியும். தீட்டிய பின் அலகின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சற்று அராவுங்கள். சமநிலையில்லாத அலகின் அதிர்வு அச்சையும் கைகளையும் கெடுக்கும். மேர்வின் விக்டர் ரிச்சட்சன் என்பவர் 1952இல் விக்டா புல்வெட்டியை ஆரம்பித்த அவுஸ்திரேலியாவில், வட்டத் தட்டொன்றில் சிறு அலகுகளைத் தளர்வாகப் பூட்டும் முறை பரவலாக உண்டு. கல்லில் பட்டால் அலகு பின்னால் மடங்கும், அச்சு தப்பும். கல் நிலத்தில் வேலை செய்பவர்கள் அப்படியொன்று கிடைத்தால் யோசிக்கலாம்.

கைபிடியை விட்டவுடன் அலகு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல் மூன்று செக்கனுக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. எமது பிள்ளைகள் செய்யும் முதல் வேலை அந்தப் பிடியைக் கம்பியால் கட்டிவிடுவது! அதற்கு இடமளிக்க வேண்டாம். செருப்போடு வெட்ட வேண்டாம், சப்பாத்து அணியுங்கள். சரிவில் குறுக்காக நடந்து வெட்டுங்கள். சிறுவர்களைத் தூரத்தில் நிறுத்துங்கள். அலகில் பட்ட கல் எவ்வளவு தூரம் போகும் என்று கண்டவர்களுக்குத் தெரியும்.

மிதிவெடி பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆயினும் வடக்கில் அகற்றும் பணி இன்னும் முடிந்துவிடவில்லை. கைவிடப்பட்ட காணியைத் துப்புரவு செய்ய யாராவது நல்ல கூலி தருவதாகச் சொன்னால், அக்காணி உத்தியோகபூர்வமாக விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம சேவையாளரிடம் முதலில் கேட்டறியுங்கள். புல்வெட்டி நிலத்தைப் பரிசோதிக்கும் கருவி அல்ல. விடுவித்த நிலத்திலும் நடந்து பார்க்காமல் இயந்திரத்தை இறக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். அன்றைய கூலி போனால் போகட்டும்.

கடைக்குப் போகும்போது இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்க வேண்டாம். அலகு, பெல்ட், ஸ்டார்ட்டர் கயிறு, காற்று வடி என்பவற்றின் விலையையும், அவை இப்போதே கடையில் உள்ளனவா என்பதையும் கேளுங்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாவித்த இயந்திரமானால் பிளக் வயரைக் கழற்றி, கையுறையோடு அலகை மெதுவாகச் சுற்றி, நடுவிலுள்ள போல்ட்டைப் பாருங்கள்; அது ஆடினால் அச்சு வளைந்துள்ளது. புது வண்ணம் பூசியிருந்தால் மூடியின் அடிப்பக்கத்தில் ஒட்டு வேலை உண்டா என்று தடவிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஒரு தடவையும், பத்து நிமிடம் ஓடிச் சூடானபின் நிறுத்தி இன்னொரு தடவையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் காசை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.